உயிரணுவைப் படித்த சென்னை மாணவர்: டாக்டர் சுப்பாராவ்

உயர்நிலைப் பள்ளியில் நாம் எல்லோரும் உயிரணுவைப் பற்றிப் படித்திருக்கிறோம். சவ்வு, சைட்டோபிளாசம், உட்கரு, மைட்டோகாண்டிரியா என்று படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறோம். ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தையும் வைட்டமின் அட்டவணையையும் நெட்டுருச் செய்து தேர்வில் எழுதியிருக்கிறோம். தேர்வு முடிந்தது, பாடமும் மறந்தது. கலைப் பிரிவுக்கு வந்த நண்பர்கள் மறந்ததில் வியப்பில்லை. விஞ்ஞானப் பிரிவில் இருப்போர் பலருக்கும் அது உயிரற்ற பட்டியலாகவே நினைவில் நிற்கிறது. உயிரைப் பற்றிய பாடம் உயிரற்றுப் போவது வருந்தத்தக்கதன்றோ?

அப்பட்டியலின் பல வரிகளுக்குப் பின்னால் ஒரே மனிதர் நிற்கிறார். அவர் சென்னையில் படித்தவர்; மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறியவர்; தம் உடன்பிறந்தார் இருவரை ஒரே நோய்க்குப் பறிகொடுத்தவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய வாழ்க்கையை முறையாகச் சொல்லிக்கொண்டு போனால், உயிரணுப் பாடமும் முறையாகத் தொடர்ந்து வரும். பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

இளமை

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தாய்மொழி தெலுங்கு. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு பதவி வகித்தவர். உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். குழந்தைகள் எழுவர். குடும்பத்தைத் தாங்கி நின்றவர் தாய் வெங்கம்மாவே.

பிள்ளைக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாய் விடவில்லை, தேடிப் பிடித்து மறுபடியும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் முதல் முறையும் தோல்வி. இரண்டாம் முறையும் தோல்வி. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறையே தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் இராமகிருஷ்ண இயக்கம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. துறவு பூண விரும்பினார், தாய் இசையவில்லை. மக்கள் தொண்டுக்குத் துறவு ஒன்றே வழியன்று, மருத்துவமும் வழி என்று எண்ணிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவுக்கு உதவினர். 1919இல் அவர் மகள் சேஷகிரியை மணந்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று நாடு கதர் உடுத்திய காலம் அது. சுப்பாராவும் கதர் அங்கியே அணிந்து அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றார். பேராசிரியர் பிராட்ஃபீல்டு அதை விரும்பவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் செம்மையாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. ஒரு சட்டைக்காகக் கொடுத்த விலை அது. அவர் அங்கியை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மருத்துவத்தை விட்டுவிடவும் இல்லை.

இரண்டு சாவுகள்

அதே ஆண்டுகளில் வீட்டில் பேரிடி விழுந்தது. உடன்பிறந்தார் புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொண்டது ஸ்புரூ என்னும் வெப்பமண்டல நோய்.

இங்கே நம் பாடத்தின் முதற்பகுதி வருகிறது. நாம் உண்ணும் உணவு சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் வழியாகவே இரத்தத்தில் சேருகிறது. அவற்றைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் சில நாட்களே வாழ்பவை. பழையன உதிர, புதியன கீழிருந்து பிறந்து மேலே வந்துகொண்டே இருக்கும். ஸ்புரூ நோயில் இந்த உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்டது உடலில் ஒட்டுவதில்லை. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், மெலிவு, வெளுத்த இரத்தம், முடிவில் சாவு. நிறைந்த இலையின் முன் அமர்ந்து உண்டும் பட்டினியால் இறப்பது போன்றது அது.

சுப்பாராவுக்கும் அந்நோய் கண்டது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்தார். பிறகு லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. நோய் உடலின் எந்தப் பொருளைக் குறைத்தது? அதை எங்கே தேடுவது? விடை காண 1920களின் தொடக்கத்தில் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மறுபடி தாய்மண்ணை மிதிக்கவே இல்லை.

நீல நிறம் சொன்ன செய்தி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கையில் பணமில்லை. இவருடைய மருத்துவச் சான்றிதழ் அங்கு மருத்துவம் பார்க்கப் போதுமானதன்று. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு வேலையாளாகச் சேர்ந்து நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிப் பிழைத்தார். பகலில் படிப்பு, இரவில் இவ்வேலை. பட்டயம் பெற்றபின் உயிர் இரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

ஃபிஸ்க் அவருக்குக் கொடுத்த வேலை, உடற்பொருள்களில் உள்ள பாஸ்பரசை அளக்க எளிய வழி காண்பது. பாஸ்பேட்டுள்ள கரைசலில் மாலிப்டேட்டைச் சேர்த்து, தக்க வேறொரு பொருளால் அதனை ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட்டு மிகுந்தால் நீலம் ஆழ்ந்திருக்கும், குறைந்தால் வெளுத்திருக்கும். நிறத்தின் அடர்த்தியை ஒப்பிட்டே அளவைக் கண்டுவிடலாம். 1925இல் வெளியான இம்முறை ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்றது. உலகெங்கும் பல தலைமுறை மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் அந்நீலத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இம்முறையைத் தசைச்சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு விந்தை நிகழ்ந்தது. நீலம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. கவனமற்றவர் இதனைச் சோதனைப் பிழை என்று தள்ளியிருப்பர். சுப்பாராவும் ஃபிஸ்க்கும் தள்ளவில்லை. தசையில் உள்ள ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை வெளியிடுகிறது என்று உணர்ந்து, அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். 1927இல் அதனை வெளியிட்டனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதனைத் தனியே கண்டிருந்தனர்.

ஆற்றலின் நாணயம்

அதன் பெருமையை உணர, அதற்கு முன் அறிஞர்கள் எண்ணியிருந்ததை அறிய வேண்டும். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது அந்நாளைய கொள்கை. தசையைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவர் 1922ஆம் ஆண்டு நோபல் பரிசே பெற்றிருந்தனர். பாஸ்போகிரியேட்டின் வந்ததும் அக்கொள்கை ஆட்டங்கண்டது. லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கும் என்று 1930இல் லுண்ட்ஸ்கார்டு காட்டியதும் அது வீழ்ந்தது.

1929இல் தசையிலிருந்து இன்னொரு பொருள் கிடைத்தது. அதுவே நாம் நெட்டுருச் செய்த ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதனைச் சற்று முன்னரே வெளியிட்டார். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனித்துக் கண்டு அதே ஆண்டில் வெளியிட்டனர். அடினைன் என்னும் காரம், ரைபோஸ் என்னும் சர்க்கரை, அவற்றோடு வரிசையாக மூன்று பாஸ்பேட்டுகள்: ஏ.டி.பி.யின் அமைப்பு இவ்வளவே. கடைசிப் பாஸ்பேட்டு நீருடன் வினைபுரிந்து கழலும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. எஞ்சுவது இரண்டு பாஸ்பேட்டுள்ள ஏ.டி.பி.யின் தம்பியாகிய ஏ.டி.பி. அன்று, ஏ.டி.பி.க்கு அடுத்த நிலையான அடினோசின் டைபாஸ்பேட்டு. மீண்டும் ஒரு பாஸ்பேட்டு ஒட்டிக்கொண்டால் அது பழைய நிலையை அடைகிறது.

இதனை ஆற்றலின் நாணயம் என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொருத்தமான உவமையே. நெல் விளைந்தவன் நெல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்துச் சீட்டு வாங்க முடியாது. அதனைக் காசாக்க வேண்டும். அதுபோல் நாம் உண்ட சோற்றின் குளுக்கோசைத் தசை நேரே செலவிட முடியாது. மைட்டோகாண்டிரியாவில் அது படிப்படியாக எரிந்து ஏ.டி.பி.யாக மாறவேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சுமார் 30 முதல் 32 ஏ.டி.பி. தருகிறது என்பது இன்றைய கணக்கு. பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். காசைச் சேர்த்து வைக்க இயலாதபடியால் அது ஓயாமல் சுழல்கிறது. ஒரு நாளில் நம் உடல் ஏறத்தாழ தன் எடைக்கு நிகரான ஏ.டி.பி.யை ஆக்கி அழிக்கிறது.

பாஸ்போகிரியேட்டினுக்கு என்ன வேலை? நூறு மீட்டர் ஓட்டத்தில் நம் கல்லூரி வீரர் பாய்ந்து புறப்படுகிறார். தசையில் கையிருப்பாக உள்ள ஏ.டி.பி. இரண்டு மூன்று விநாடிகளுக்கே போதும். அப்போது பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யை மறுபடி ஆக்குகிறது. ஓட்டத்தின் முதற் சில விநாடிகளை நடத்துவது இந்தச் சேமிப்பே.

1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருள்கள் உரிய காலத்தில் வெளிவராமையால் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அவருடன் ஆராய்ந்தவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் பழக்கம் சுப்பாராவிடம் இல்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னுமிடத்தில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குச் சென்று, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

கீரையில் இருந்த மருந்து

அங்கேதான் பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. இரத்தம் வெளுக்கும் நோய்க்கு ஈரல் நல்ல மருந்து என்று மருத்துவர் அறிந்திருந்தனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் மருந்தாகிறது என்பதே தெரியவில்லை.

இத்தேடலில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாயில் ஏழைக் கருவுற்ற பெண்களின் கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாறு அதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். 1941இல் அமெரிக்காவின் டெக்சாசில் மூன்று ஆய்வாளர்கள் நான்கு டன் பாலக் கீரையை அரைத்துப் பிழிந்து அதிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு எடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தனர். நான்கு டன் கீரைக்குக் கிடைப்பது அவ்வளவு சிறிதானால் நோயாளிகளுக்கு எப்படிக் கொடுப்பது? சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டு 1945இல் செயற்கையாகவே ஆக்கினர். அது கைக்கு வந்ததும் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வெளுத்த இரத்தம் சிவந்தது, பசி திரும்பியது, மெலிந்தவர் தேறினர்.

காரணத்தைப் பாடத்தில் தேடுவோம். ஓர் உயிரணு இரண்டாக வேண்டுமானால் முதலில் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமின் உண்டாவதற்குப் ஃபோலிக் அமிலம் தேவை. அது இல்லையேல் உயிரணு பருக்கும், பிளவுபடாது. எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் சிவப்பணுக்களை ஆக்குகிறது. குடலின் உட்சுவரும் ஓயாமல் புதுப்பிக்கப்படுவதை முன்னரே கண்டோம். வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் உள்ள இவ்விடங்களே ஃபோலிக் அமிலக் குறைவால் முதலில் நலிகின்றன. குடல் நலிந்தால் ஃபோலிக் அமிலம் உட்செல்லாது. உட்செல்லாதபோது குடல் மேலும் நலியும். இந்தச் சுழலில்தான் சுப்பாராவின் உடன்பிறந்தார் சிக்கியிருந்தனர்.

மைசூரில் படிக்கும் நாம் இதனைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேவராஜ மொஹல்லாவின் கடைத்தெருவில் கட்டுக் கட்டாகக் குவித்து விற்கும் கீரையில் இருப்பது அதே பொருள். நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துக் கொட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதை விடுதிச் சமையற்கூடங்கள் நினைவில் வைப்பது நல்லது. அதே மொஹல்லாவில் உள்ள செலுவாம்பா மருத்துவமனைக்கு வரும் கருவுற்ற தாய்மார் இரும்புச் சத்தோடு கூடிய ஃபோலிக் அமில மாத்திரையைப் பெறுகின்றனர். இந்திய அரசு 1970இல் நாடு தழுவிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய நாள்முதல் இம்மாத்திரை ஊர்தோறும் சென்றிருக்கிறது. கருத்தரிப்பதற்கு முன்னும் கருவின் தொடக்க வாரங்களிலும் இதனை உட்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைகள் பெரிதும் குறைகின்றன என்பதும் 1991இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வால் உறுதிப்பட்டது.

பூட்டும் போலிச் சாவியும்

உயிரணு பெருக உதவும் பொருளைக் கண்டவருக்கு, அதைத் தடுக்கும் வழியும் தோன்றுவது இயல்பே. இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது அந்நோய் விரைந்து வளர்வதைக் கண்டார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை உயிரணுவுக்கு மறுத்தால் என்ன?

உயிரணுவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நொதி உண்டு. நொதி ஒரு பூட்டு என்றால் அதற்குப் பொருந்தும் பொருள் சாவி. சுப்பாராவின் ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றும் போலிச் சாவிகளைச் செய்தது. அவை பூட்டுக்குள் நுழையும், திறக்கா, வெளியே வரவும் மாட்டா. உண்மைச் சாவிக்கு இடமில்லாது போகும், பெருக்கம் நிற்கும். அமினாப்டெரின் என்னும் அத்தகைய மருந்தை 1947ஆம் ஆண்டு இறுதியில் ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, கடும் நோயுற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை என்பது உண்மையே. எனினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று தெளிவாயிற்று. அதன் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் மருந்தாகப் பயன்படுகிறது.

இறுதி ஆண்டுகள்

அவர் தலைமையில் அவ்வாய்வகம் செய்த பணிகள் இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, யானைக்கால் நோய்ப் புழுக்களைக் கொல்லும் ஹெட்ராசான். 1947இல் வெளிவந்த இம்மருந்து, டை எதில் கார்பமசின் என்னும் பெயரில், தமிழகத்துக் கடலோர ஊர்களிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் ஊர் ஊராக வழங்கப்பட்டது. மற்றொன்று ஆரியோமைசின். முதுமையிலும் தளராத பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலறிஞர் மிசௌரி மண்ணிலிருந்து வந்த ஒரு நுண்ணுயிரில் கண்ட இம்மருந்து 1948இல் அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே.

அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். வயது 53. பதவி உயர்ந்தபோதும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. இந்தியராகவே வாழ்ந்து மறைந்தார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. சேஷகிரி அம்மையாருக்குப் பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. கணவர் திரும்பி வருவார் என்ற அவர் காத்திருப்பும் முடிந்தது. அறிவியலின் வெற்றிகளை எண்ணும்போது அந்த அம்மையார் கொடுத்த விலையையும் நாம் எண்ண வேண்டும். 1995இல் இந்திய அரசு சுப்பாராவின் நூற்றாண்டை முன்னிட்டு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் பெயர் பாடநூலில் இன்னும் பலருக்குத் தென்படவில்லை.

ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ளுங்கள். வெப்பமண்டல ஸ்புரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகள் முதன்மையாக இரண்டு: ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். ஒன்றினைச் செயற்கையாக ஆக்கியதும், மற்றதன் குடும்பத்தைத் தொடங்கிவைத்ததும் அவர் தலைமை வகித்த ஒரே ஆய்வகம். எந்த நோய் தம் வீட்டில் இருவரைக் கொண்டு சென்றதோ, அந்த நோயின் இரு கதவுகளையும் அவர் அடைத்துவிட்டுப் போனார்.

தம்பி தங்கையருக்கும் அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. உயிரணுப் பாடம் வரும்போது படத்தை வரையச் சொல்லுங்கள். பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அதனோடு இந்த மனிதரின் கதையையும் சொல்லுங்கள். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறிய பிள்ளை ஒருவர் இப்பாடத்தின் பல வரிகளை எழுதினார் என்று அறியும் மாணவன், ஒரு தேர்வில் தவறியதற்காகப் புத்தகத்தை மூடிவிட மாட்டான்.